முதல் மரைக்கால்

வம்மியடி வட்டை,
14.10.2024

அன்புள்ள நபீஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். நீயும் மகள் அஸீமாவும் மருமகன் நஸீரும் சுகமாக இருக்கத் துஆச் செய்கிறேன்.

வந்து மூன்று நாளாகிறது. சித்தாண்டிச் சந்தியில் வைத்தே ஃபோனை வாங்கிவிட்டார்கள். இந்த டிவி நிகழ்ச்சி முடியும்வரைக்கும் நமக்கு 1960ஆம் ஆண்டாம். கரண்ட் இல்லை, ட்ரக்டர் இல்லை, கடிதம் மட்டும் எழுதலாம். திங்கட்கிழமைகளில் இவர்களுடைய வான் வந்து என் கடிதத்தை எடுத்துப்போகும், உன் கடிதத்தைக் கொண்டுவரும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கடிதங்களைத் திறந்து பார்க்கிறார்கள். நிகழ்ச்சியை நடத்துகிற வினோஜன் தம்பி நல்ல பிள்ளைதான். "நானா, நல்ல வரி ஏதும் இருந்தா கெமராக்கு முன்னுக்கு வாசிக்கணும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே பார்த்து எழுது.

என்னோடு நிற்பவர் சித்தாண்டி நல்லரத்தினம். அவருக்கும் என்னைப்போல அறுபத்திரண்டு வயது. இரண்டு பேரும் முப்பது வருடம் ட்ரக்டர் ஓட்டிப் பிழைத்தவர்கள். இப்போது ட்ரக்டரையே காணாதவர்கள் போல நடிக்கிறோம். வயலுக்குள் இருக்கிற வாடியை இவர்களே கட்டினார்கள், கூரை ஒழுகுகிற மாதிரியே கட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒழுகியதாம். ஒழுகட்டும் என்றா எங்கள் வாப்பாமார் கூரை மேய்ந்தார்கள்?

வாப்பாவின் மரைக்காலைப் பற்றி விசாரித்தேன். சூடடித்து நெல் அளக்கிற அன்றைக்குத்தான் அரும்பொருளகத்திலிருந்து கொண்டுவருவார்களாம். வாப்பா காலமெல்லாம் நெல் அளந்த மரைக்கால். அதை என்னிடம் ஒரு சொல் கேட்காமல் அங்கே தூக்கிக் கொடுத்தவர் என் கூடப்பிறந்த மூத்தவர், காக்கா. அந்தப் பதினொரு வருடக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு தரமாவது அதை என் கையால் பிடித்து அளக்கத்தான் இந்தக் கூத்துக்கு ஒப்புக்கொண்டேன், உனக்குத் தெரியாததா.

வான்காரர் ஹோன் அடிக்கிறார். எல்லோருக்கும் என் ஸலாம்.

மீராசாஹிப்

---

ஏறாவூர்,
23.10.2024

அஸீமாவின் வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், எல்லோரும் நலம். என் முழங்கால் உளைவு எப்போதும் போலத்தான். அதற்கு 1960 என்றும் 2024 என்றும் இல்லை.

கடிதத்தைத் திறந்து பார்ப்பார்களா! நல்ல கூத்து. நீங்கள் சவூதியிலிருந்து எழுதிய கடிதங்களை நான் என் உம்மாவுக்கே காட்டவில்லை. அரபு எழுத்தில் அரபுத் தமிழாக எழுதினால் இவர்களுக்கு விளங்காது. ஆனால் உங்களுக்கும் விளங்காதே, என்ன செய்ய? வினோஜன் தம்பி, வாசிக்கிறீங்கதானே, அவருக்குப் பிரஷர் குளிசையை நேரத்துக்குக் குடுங்க. அறுபதாம் ஆண்டுல குளிசை இல்ல எண்டு சொல்லிப்போடாதீங்க.

வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஒன்று உங்களைப் போலவே, யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது.

நேற்று உங்கள் காக்கா வீட்டுக்குப் போனேன். உங்கள் மதினி ஹிதாயா ராத்தா, "அவரு டிவில வாறாராம், மெய்யா?" என்று கேட்டா. காக்கா உள்ளே இருந்து காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.  நான் வந்த பிறகு, "எந்தச் சனலாம், எத்தின மணிக்காம்" என்று ராத்தாவிடம் கேட்டாராம். எழுபது வயது மனிசருக்கு என்ன வீம்பு! உங்கள் குடும்பத்துக்கே அது தாய்ப்பாலோடு வந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் தலையைத் துடைக்காமல் படுக்க வேண்டாம்.

சித்தி நபீஸா

---

வம்மியடி வட்டை,
12.11.2024

அன்புள்ள நபீஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருக்கிறேன். குளிசை தவறாமல் கிடைக்கிறது. உன் சத்தத்துக்குப் பயந்து வினோஜன் தம்பி தானே தண்ணீரும் கொண்டுவந்து தருகிறார்.

உழுது விதைத்து முடித்தோம். மாட்டுக்குப் பின்னால் நடந்து நடந்து என் கால் இரண்டும் வீங்கிவிட்டன. அட்டை கடித்த இடமெல்லாம் புண். நான் சேற்றில் விழுந்தேன், "நானா, இன்னொருக்கா விழுவீங்களா, வெளிச்சம் சரியா விழல்ல" என்று கேட்டார்கள். விழுந்தேன். நல்லரத்தினம் சிரித்துச் சிரித்து வரம்பில் குந்திவிட்டார்.

கெமரா பிடிக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் வலு அழகாகத் தெரிகிறது. "எவ்வளவு நிம்மதியான வாழ்க்கை" என்கிறார்கள். வாப்பா ஐம்பத்தொரு வயதில் முதுகு கூனி மவுத்தானவர். அந்த நிம்மதி எனக்குத் தெரியும். நான் ட்ரக்டர் வாங்கின அன்றைக்கு இரண்டு ரக்காத் சுன்னத்துத் தொழுதேன்.

ஆட்டுக்குட்டிக் கதையைக் கெமராவுக்கு முன் வாசித்தேன். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. இந்தச் சனிக்கிழமை போடுவார்களாம், பார்.

அஸீமாவுக்கும் நஸீருக்கும் ஸலாம். குட்டிகளைக் குளிரில் விடாதே.

மீராசாஹிப்

---

ஏறாவூர்,
04.12.2024

அஸீமாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உயிரோடு இருக்கிறோம், அதுவே பெரிய காரியம். வெள்ளம் குசினி அடுப்புவரைக்கும் வந்து போய்விட்டது. ஆட்டுக்குட்டிகளைக் கட்டிலில் ஏற்றிவைத்தேன். உங்கள் வயல் வட்டையில் என்ன பாடோ என்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வினோஜன் தம்பியின் ஆட்கள் கோல் எடுத்து நீங்கள் நலம் என்றார்கள். அவசரத்துக்கு எடுக்கச் சொல்லி அவருடைய நம்பரையும் தந்தார்கள்.

இன்னொன்று எழுத வேண்டும். இருந்துகொண்டு வாசியுங்கள். வெள்ளத்துக்குள்ளே, வெள்ளிக்கிழமை சுபஹுக்கு எழும்பின இடத்தில் உங்கள் காக்கா விழுந்துவிட்டார். பாரிசவாதம். ட்ரக்டர் பெட்டியில் படுக்கவைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வலப் பக்கம் ஒன்றும் வேலை செய்யவில்லை, பேச்சும் இல்லை. நேற்று வீட்டுக்கு விட்டார்கள்.

நான் போய் முன்னால் நின்றேன். என்னைப் பார்த்தார், பிறகு என் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். யாரைத் தேடுகிறார் என்று கேட்க வேண்டிய தேவை இல்லை. வினோஜன் தம்பியிடம் கேட்டால் ஒரு நாள் விடமாட்டாரா? வந்து ஒரு தரம் முகத்தைக் காட்டிவிட்டுப் போங்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரு பிரம்பு மரைக்கால். அதற்காக ஒரு மனிசரைச் சாகக் கொடுப்பதா?

அல்லாஹ் உங்களுக்கு நல்ல மனதைத் தரட்டும்.

சித்தி நபீஸா

---

வம்மியடி வட்டை,
20.12.2024

அன்புள்ள நபீஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். வீட்டுக்குள் வெள்ளம் வந்ததை அறிந்து கவலைப்பட்டேன். குசினிச் சுவரின் அடியில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று நஸீரைப் பார்க்கச் சொல்.

இங்கே பள்ளத்துப் பக்கம் பயிர் அழிந்துபோயிற்று. மேட்டுப் பக்கம் தப்பிவிட்டது. அழிந்த இடத்தில் நாற்றுப் பிடுங்கி நட்டோம். நல்லரத்தினத்துக்குக் காய்ச்சல், மூன்று நாள் நான்தான் சோறாக்கினேன். பன்றி வருகிறது. அரும்பொருளகத்துக்காரர் வந்து நாங்கள் பாவிக்கிற மண்வெட்டி, கத்தி எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டு போனார்கள்.

கிழுவை வேலியைக் கட்டிவிடு. மழை இன்னும் இருக்கிறது.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

மீராசாஹிப்

---

ஏறாவூர்,
05.01.2025

அஸீமாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். வேலி கட்டியாயிற்று. சுவரில் வெடிப்பு இல்லை. பன்றிக்கு என் ஸலாமைச் சொல்லுங்கள்.

நான் ஒரு பக்கம் நிறையக் காக்காவைப் பற்றி எழுதினேன். நீங்கள் மண்வெட்டியைப் பற்றிப் பதில் எழுதுகிறீர்கள். கடிதம் கைக்கு வரவில்லை என்று நான் நம்பிவிடுவேனா? போன சனிக்கிழமை டிவியில் கண்டேன். என் கடிதத்தைக் கெமராவுக்கு முன்னால் விரித்து, ஆட்டுக்குட்டியைக் கட்டிலில் ஏற்றின வரியை வாசித்தீர்கள். பிறகு உங்கள் கண் கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது. நின்றது, நின்றது, அசையவில்லை. மறுகா கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, "அவ்வளவுதான்" என்று சிரித்தீர்கள். ஊரெல்லாம் ஆட்டுக்குட்டியைக் கேட்டுச் சிரித்தது. அந்தக் கண் நின்ற இடத்தைக் கண்டவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், மற்றது உங்கள் காக்கா.

ஓம், அவரும் பார்க்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏழு மணிக்கு ராத்தா அவரைத் தலையணை வைத்து நிமிர்த்தி இருத்துகிறா. நீங்கள் கோணல் மாணலாக உழுததைத் திரும்பப் போட்டபோது சிரித்தார், பாதி வாய்தான் சிரித்தது. நீங்கள் விழுந்த இடத்தில் இடக்கையைத் தூக்கினார், பிடிக்கப் போகிறவர் மாதிரி. கொஞ்ச நேரம் கை அப்படியே நின்றது. எனக்குத் தாங்க முடியவில்லை, குசினிக்குள் போய்விட்டேன்.

அவர் உங்களைக் காண்கிறார். நீங்கள் அவரைக் காணவில்லை. அது நியாயமா?

உங்கள் உடம்புக்கும் மனதுக்கும் ஆஃபியத்தைக் கேட்டு,

சித்தி நபீஸா

---

வம்மியடி வட்டை,
02.02.2025

அன்புள்ள நபீஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இடையில் எழுதாததற்குக் கோபிக்காதே. மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இதை வினோஜன் தம்பி வாசித்தாலும் வாசிக்கட்டும். வாப்பா மவுத்தான பிறகு என்னை வளர்த்தவர் காக்கா. அது எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நோகிறது. வேறு யாரும் அந்த மரைக்காலைக் கொடுத்திருந்தால் போய் நாலு ஏச்சு ஏசி வாங்கிவந்திருப்பேன். நான் சவூதியிலிருந்து வந்து, "மரைக்கால் எங்க?" என்றேன். "குடுத்துட்டன்" என்றார். ஒரு சொல். ஏன், எதற்கு, ஒன்றுமில்லை. ஒரு சாமானுக்கும் பெறுமதி இல்லாத ஆளா நான்? அந்த அரும்பொருளகத்துப் பக்கம் இன்றுவரை நான் தலைவைத்துப் படுத்ததில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் காக்காவின் பேரோடு அது இருப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

இப்போது அவருக்குப் பேச்சில்லை என்கிறாய். பேச்சிருந்தபோது பதினொரு வருடம் இருந்ததே.

வெட்டு முடிந்துவிட்டது. 15ஆம் திகதி, மாடு சுற்றிச் சூடு மிதிக்கக் களத்தில் கம்பம் நடுகிறோம். களத்து முறை உனக்குத் தெரியும். கம்பம் நட்டால், நெல் அளந்து முடியும்வரைக்கும் களத்தை விட்டு வெளியே போகக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, கெட்ட சொல் எதுவும் அங்கே வரக் கூடாது, பெண்கள் வரம்பைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றையும் அப்படியே செய்துகாட்டச் சொல்லி வினோஜன் தம்பி கேட்டிருக்கிறார். 20ஆம் திகதி அளப்பு. 24ஆம் திகதி வீட்டுக்கு வருவேன். வந்து யோசிப்போம்.

கால் உளைவுக்கு எண்ணெய் பூசு.

மீராசாஹிப்

---

ஏறாவூர்,
07.02.2025

அஸீமாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குச் சுகம். உங்கள் காக்காவுக்குச் சுகமில்லை. இரண்டு நாளாகத் தண்ணீர் மட்டும் கரண்டியால் இறங்குகிறது.

வந்து யோசிப்போம் என்கிறீர்கள். யோசிக்க அவர் இருக்க வேண்டுமே. கம்பம் நட முதல் வாருங்கள். களத்து முறை எல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று மௌலவிமார் எத்தனை வருடமாகச் சொல்கிறார்கள்! அதுவும் டிவிக்காரன் போட்ட களம் ஒரு களமா?

ஒரு எட்டு வந்து போங்கள், என் ராசா. வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

சித்தி நபீஸா

---

ஏறாவூர்,
18.02.2025

அஸீமாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்க வாய் வரவில்லை. இதை நான் அனுப்பப் போவதும் இல்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். நாற்பது வருடமாக எல்லாவற்றையும் உங்களிடம்தான் சொல்லிப் பழகிவிட்டேன்.

என் போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இன்று காலை பத்து மணிக்குக் காக்காவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. எல்லோரும் சுற்றி இருந்து யாஸீன் ஓதினார்கள். அவர் கண் வாசலிலேயே கிடந்தது. ராத்தா என் கையைப் பிடித்து, "புள்ள, அவரக் கூட்டிவா" என்றா. வினோஜன் தம்பியின் ஃபோன் ஓஃப். படம் எடுக்கும்போது எல்லோரும் ஓஃப் பண்ணிவிடுவார்களாம். ஒரு ஓட்டோவைப் பிடித்து வம்மியடி வட்டைக்கு வந்தேன்.

நீங்கள் களத்தில் மாட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தீர்கள். நடுவில் கம்பம் நின்றது. நெற்சூடு பரப்பி, ஆறு மாடு சுற்றின. இரவில் மிதிக்க வேண்டியதைக் கெமராவுக்காகப் பகலில் மிதித்தீர்கள், அது ஒன்றுதான் பிழை. மற்றதெல்லாம் என் வாப்பாவின் களம் போலவே இருந்தது. நான் வம்மி மரத்தடியில் செருப்பைக் கழற்றினேன். எனக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு வரம்பு, பதினைந்து இருபது அடி, அவ்வளவுதான். மௌலவி சொன்னது என் தலைக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. கால் தூக்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடவும் நாக்கு எழும்பவில்லை. ஒரு பிள்ளை கிட்ட வந்து, "என்ன விசயம் அம்மா?" என்று கேட்டாள். சாகக் கிடக்கிறார் என்று களத்தடியில் நின்று எப்படிச் சொல்வேன்? "சும்மா, பாக்க வந்தன்" என்றேன். பாவி நான். சும்மா பார்க்க வந்தேன் என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றேன். நீங்கள் நிமிரவில்லை. கிறுகி வந்துவிட்டேன்.

பின்னேரம் அஸருக்குக் காக்கா போய்விட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நஸீர் பைக்கை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். தடுத்தது யார் தெரியுமா? ஹிதாயா ராத்தாதான். "வேணாம் மகன். அவரு களத்துல நிக்கிறாரு. அளந்து முடியட்டும். இவரு இருந்திருந்தாலும் அதத்தான் சொல்லுவாரு" என்றா. அந்த நேரத்தில் ஒருவருக்கும் அது டிவிக்காரன் போட்ட களம் என்று நினைவு வரவில்லை. எனக்கும் வரவில்லை. இப்போது நினைத்தால் தலையைச் சுவரில் மோதலாம் போலிருக்கிறது.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு அடக்கம்.

நபீஸா

---

வம்மியடி வட்டை,
21.02.2025

அன்புள்ள நபீஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், நான் நல்ல சுகம். இவ்வளவு சந்தோசமாக உனக்கு நான் எழுதி எத்தனை வருடம்! திங்கட்கிழமைவரை பொறுக்காமல் இதை இன்றைக்கே இவர்களுடைய ஆளிடம் தந்தனுப்புகிறேன்.

நேற்று அளப்பு. காலையில் அரும்பொருளகத்துக்காரர் வெள்ளைத் துணியில் சுற்றி மரைக்காலைக் கொண்டுவந்தார்கள். கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டார்கள். நான் வெறுங்கையால் வாங்கினேன். அதன் காதில் நூல் கட்டி ஒரு சிறிய மட்டை தொங்கியது. வாசித்தேன். "பிரம்பு மரைக்கால். வழங்கியவர்: ஆ. மீராசாஹிப், ஏறாவூர்."

என் பேர், நபீஸா. காக்காவின் பேர் இல்லை. நான் அந்த மனிதரிடம், "இது ஆரு எழுதின?" என்று கேட்டேன். "தந்தவரு சொன்னபடிதான் எழுதின. ரெண்டாயிரத்துப் பதிமூண்டுல மஜீட் எண்டு ஒருத்தர் கொண்டுவந்து, இது தம்பிட சாமான், அவன்ட பேர்ல வைங்க எண்டாரு" என்றார். பதினொரு வருடம் கண்ணாடிக்குள் என் பேர் இருந்திருக்கிறது. நான் எட்டிப் பார்க்கவில்லை. அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இரண்டு கழுதைகள்.

களத்தில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மறுகா அளந்தேன். முதல் மரைக்காலுக்கு ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்றுதானே சொல்வோம். லாபம் என்று சொல்லி அளந்து தனியாகக் கொட்டினேன். கெமராவைப் பார்க்கக் கூடாது என்பது இங்கே சட்டம். நான் நேரே அதைப் பார்த்துச் சொன்னேன்: "காக்கா, இது ஓங்கட பங்கு. நான் பிழ செஞ்சிட்டன். திங்கக்கிழம வாறன். மன்னிச்சிக்கங்க." நல்லரத்தினம் துவாயால் முகத்தைப் பொத்தினார். வினோஜன் தம்பிக்கும் கண் கலங்கிவிட்டது.

இது மார்ச் முதலாந் திகதி சனிக்கிழமை வருமாம். நீ முன்கூட்டியே காக்காவிடம் சொல்லிவிடாதே. நானே பக்கத்தில் இருந்து அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். அவருடைய பாதிச் சிரிப்பை நான் பார்க்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நீ வந்து மரத்தடியில் நின்றாயாமே, இங்கே வேலை செய்கிற பிள்ளை சொன்னாள். மாட்டுக்குப் பின்னால் போகிறவனுக்கு என்ன தெரியும்? கூப்பிட்டிருக்கலாமே.

இன்னும் மூன்று நாள்தான். வட்டிலப்பம் செய்து வை, காக்காவுக்கும் கரண்டியால் ஊட்டலாம்.

மீராசாஹிப்

---

ஏறாவூர்,
22.02.2025

அஸீமாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை நஸீர் கையில் தந்து அனுப்புகிறேன். யாரும் திறக்கமாட்டார்கள். இருந்துகொண்டு வாசியுங்கள்.

காக்கா மவுத்தாகி இன்றைக்கு நாலு நாள். செவ்வாய்க்கிழமை அஸருக்குப் போனார். புதன்கிழமை அடக்கினோம். நீங்கள் களத்தில் நின்றதால் சொல்லவில்லை. அன்றைக்கு எழுதி அனுப்பாமல் வைத்த கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். அதில் எல்லாம் இருக்கிறது. நான் வரம்பைத் தாண்டியிருந்தால் நீங்கள் அவர் கையைப் பிடித்திருப்பீர்கள். தாண்டவில்லை. என்னைத் திட்டுங்கள், அடியுங்கள், பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். மட்டையில் உங்கள் பேர் இருந்ததை வாசித்ததும் தலையை ஆட்டினா. "தெரியும். மரைக்கால் தம்பிக்கு எண்டு வாப்பா சொல்லியிருந்தாராம். கறையான் பிடிச்ச உடன, அழிஞ்சிரும் எண்டு அங்க குடுத்தாரு. அவன் ஏன் எண்டு கேட்டா சொல்லுவன் எண்டு இருந்தாரு. நீங்க கேக்கல்ல" என்றா. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ராத்தா இத்தாவில் இருக்கிறா. நாலு மாதம் பத்து நாளைக்கு உங்கள் முகத்துக்கு முன்னால் வரமாட்டா. சொல்ல ஏதாவது இருந்தால் எழுதித் தரச் சொன்னா. காக்காவின் பங்கு நெல்லை மட்டும் மறக்காமல் கொண்டுவரட்டாம். நோன்பு வருகிறது, அவர் பேரில் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க வேண்டுமாம்.

நஸீரின் பைக்கில் பிடித்துக்கொண்டு இருங்கள். வேகமாக வர வேண்டாம். இனி அவசரம் இல்லை.

நபீஸா

---

ஏறாவூர்,
08.03.2025

கண்ணியமான ஹிதாயா மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கு அல்லாஹ் பொறுமையைத் தரட்டும். வீட்டுக்கு வந்து இரண்டு கிழமையாகிறது. ஒவ்வொரு நாளும் எழுத உட்காருவேன், எழும்பிவிடுவேன். நோன்பு மாதத்தில் பொய் எழுதக் கூடாது என்பதால் இன்றைக்கு எழுதுகிறேன்.

முதலில் நெல். காக்காவின் பங்கு என்னிடம் இல்லை. கேட்டேன், கெஞ்சினேன். அந்த முதல் மரைக்கால் நெல்லை அரும்பொருளகத்தில் வைப்பதாக ஒப்பந்தத்தில் இருந்ததாம். நான் வாசிக்காமல் ஒப்பம் வைத்திருக்கிறேன். வினோஜன் தம்பியும் எவ்வளவோ பேசிப் பார்த்தார். போத்தலில் போட்டு முத்திரை வைத்துவிட்டார்கள். கஞ்சிக்குக் கடையில் அரிசி வாங்கித்தான் அனுப்பினேன். காக்கா அதைப் பொருந்திக்கொள்வார் என்று நம்புகிறேன்.

இரண்டாவதுதான் கடினம்.

அன்று செவ்வாய்க்கிழமை நபீஸா வந்து நின்றதை நான் காணவில்லை என்று அவளுக்கு எழுதினேன். கண்டேன், மதினி. அவள் வந்த உடனேயே கண்டேன். இருபது வருடமாக அபாயா போடாமல் அவள் வாசலைத் தாண்டியதில்லை. அன்று வீட்டுச் சீலையோடு, முக்காடு பாதி சரிந்து, அந்த மரத்தடியில் நின்றாள். காக்காவுக்குத்தான் ஏதோ என்று அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

விளங்கியும் நான் மாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கேட்க வேண்டும். கேட்டால் வர வேண்டும். வந்தால் காக்காவிடம் முதலில் நான்தான் வாய் திறக்க வேண்டும். பதினொரு வருடம் பிடித்த பிடியை ஒரு நொடியில் விட எனக்கு மனம் வரவில்லை. களத்து முறை எனக்கு நல்ல சாட்டாகக் கிடைத்தது. இன்னும் ஒரு சுற்று, அவள் கூப்பிட்டால் போவோம் என்று நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி போனேன். மறுகாவும் ஒரு சுற்று. ஆறோ ஏழோ சுற்றுப் போயிருப்பேன். பிறகு தலையைத் தூக்கினேன், மரத்தடியில் ஆள் இல்லை. அப்போதாவது ஓடிப்போயிருக்கலாம், ஓட்டோவின் புழுதி பாதையில் தெரிந்தது. நான் ஓடவில்லை.

என் பேர் எழுதின மட்டையைக் கண்ட பிறகுதான் எனக்கு மனம் வந்தது. அந்த மட்டை இல்லாமலே வந்திருக்க வேண்டும். காக்கா என்னை வளர்த்தவர்.

நபீஸா தன் கால்தான் குற்றம் என்று ஒவ்வொரு தொழுகையிலும் அழுகிறாள். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். நான் பக்கத்தில் இருந்துகொண்டு, "சரி புள்ள, சரி புள்ள" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை.

இந்தக் கடிதத்தை உங்களிடம் கொண்டுவருகிறவளும் அவள்தான். வழியில் பிரித்துப் பார்க்கமாட்டாள். நீங்கள் வாசித்து முடித்த பிறகு அவளைப் பக்கத்தில் இருத்தி, இதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள், மதினி.

நான் வெளியே, உங்கள் கேற்றடியில்தான் நிற்கிறேன்.

உங்கள் மச்சான்,
மீராசாஹிப்